அகலக் கட்டத்தில் விழுந்த ஃபோன் நம்பர்: ஃபார்மட் பங்ஷன்களில் இன்டிஜர் ஓவர்ஃப்ளோவைச் சோதிப்பது எப்படி?

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடைக்கு பில் போடும் மென்பொருள் எழுதிக் கொடுத்திருந்தேன். விடியும் முன்பே வியாபாரம் சூடு பிடித்துவிடும் இடம் அது. ஒரு நாள் அதிகாலை நான்கரை மணிக்குக் கடைக்காரர் அழைத்தார்.

"தம்பி, பில்லு வரமாட்டேங்குது. பொட்டி அப்படியே நிக்குது."

"என்னண்ணே மாத்துனீங்க?"

"ஒண்ணும் மாத்தலப்பா. ராத்திரி கடை ஃபோன் நம்பரைத்தான் போட்டேன். பில்லுல வரணும்ல?"

போய்ப் பார்த்தேன். அமைப்புப் பக்கத்தில் ஃபோன் நம்பருக்கான கட்டத்துக்கு நேர் மேலே 'பெயர் அகலம்' என்று ஒரு கட்டம் இருந்தது. பில்லில் பூ பெயருக்கு எத்தனை இடம் ஒதுக்குவது என்பதைச் சொல்லும் கட்டம். அதில் 24 என்று இருக்க வேண்டிய இடத்தில் பத்து இலக்க ஃபோன் நம்பர் உட்கார்ந்திருந்தது. அவர் கட்டம் மாறிப் போட்டது சாதாரண விஷயம், தூக்கக் கலக்கத்தில் யாருக்கும் நடக்கும். அந்த எண்ணை மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டு கணக்குப் போட்டதுதான் என் நிரலின் தவறு. அந்தக் கணக்கு எங்கே எப்படி உடைகிறது, அதை முன்கூட்டியே எப்படிச் சோதித்துப் பிடிப்பது என்பதை நிரல் எழுதப் பழகுகிறவர்களுக்காக எழுதுகிறேன். சி மொழியை லேசாகத் தெரிந்திருந்தால் போதும்.

முதலில், ஃபார்மட் பங்ஷன் என்பது என்ன? சி மொழியில் பிரிண்ட்எஃப், எஸ்பிரிண்ட்எஃப், எஸ்என்பிரிண்ட்எஃப் என்று ஒரு குடும்பம் உண்டு. "பூ பெயரை 24 இடத்தில் இடப்பக்கம் ஒட்டிப் போடு, எடையை 8 இடத்தில் மூன்று தசமத்தோடு போடு, தொகையை 10 இடத்தில் இரண்டு தசமத்தோடு போடு" என்று ஒரு சின்னச் சரத்தில் குறியீடாக எழுதிக் கொடுத்தால், அதன்படி வரியை அமைத்துத் தரும். சதவீதக் குறிக்குப் பின்னால் வரும் எண் அகலம். புள்ளிக்குப் பின்னால் வரும் எண் துல்லியம். எண்ணை நேரே எழுதாமல் நட்சத்திரக் குறி போட்டால், அகலத்தை ஓடும்போது தனியாகக் கொடுக்கலாம். என் பில் நிரல் அப்படித்தான் செய்தது, ஏனென்றால் கடைக்குக் கடை பில்லின் அகலம் வேறு.

இந்தப் பங்ஷன்களை வெறும் அச்சு வேலைக்காரர்கள் என்று நாம் நினைத்துவிடுகிறோம். உண்மையில் இவற்றுக்குள் விடாமல் கூட்டல் நடக்கிறது. அகலம் எவ்வளவு, எழுத்து எவ்வளவு, இடைவெளி எத்தனை நிரப்ப வேண்டும், இதுவரை மொத்தம் எத்தனை எழுதினோம் என்று ஒவ்வொரு குறிக்கும் ஒரு கணக்கு. கடைசியில் "மொத்தம் இத்தனை பைட்" என்று ஒரு எண்ணைத் திருப்பித் தருகின்றன. அந்த எண்ணின் வகை இன்ட். சிக்கலின் வேர் அங்கேதான்.

இன்று நாம் பயன்படுத்தும் கணினிகளில் இன்ட் என்பது பெரும்பாலும் 32 பிட். பாதி குறை எண்களுக்குப் போய்விடும். மீதியில் அதிகபட்சம் 2,14,74,83,647. அதாவது 214 கோடியே சொச்சம். (பழைய யூனிக்ஸ் கடிகாரங்கள் 2038 ஜனவரி 19 அன்று நம் நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடியோடு எல்லையைத் தொடுவதும் இதே எண்ணால்தான். 1970-லிருந்து அத்தனை நொடி அப்போது முடிந்துவிடுகிறது.) நம் நாட்டு மொபைல் எண்கள் 6, 7, 8, 9 இவற்றில் ஒன்றில் தொடங்கும் பத்து இலக்க எண்கள். ஆக, எந்த மொபைல் எண்ணும் இன்ட் பெட்டிக்குள் அடங்காது. இதைக் கணக்காக யோசித்தது அன்றைக்குத்தான்.

அடங்காத எண்ணை அடைத்தால் என்ன ஆகும்? உதாரணத்துக்கு 8,00,00,00,000, அதாவது 800 கோடி என்று வைத்துக்கொள்வோம். என் நிரல் அதை முதலில் 64 பிட் பெட்டியில் சரியாகத்தான் வாசித்தது. அடுத்த வரியில் 32 பிட் இன்டுக்குள் போட்டது. 32 பிட்டில் மொத்தம் 4,29,49,67,296 வேறுபட்ட மதிப்புகள்தான் உண்டு. 800 கோடியிலிருந்து அதை ஒரு முறை கழித்தால் 3,70,50,32,704. இதுவும் எல்லைக்கு மேல் இருப்பதால் இன்னொரு முறை கழிகிறது. கிடைப்பது -58,99,34,592. பெயருக்கு ஒதுக்கிய அகலம் குறை 58 கோடியே 99 லட்சம் ஆகிவிட்டது.

இங்கே புதியவர்கள் பலருக்குத் தெரியாத ஒரு விதி குறுக்கே வருகிறது. நட்சத்திரம் வழியாகக் குறை எண்ணை அகலமாகக் கொடுத்தால் அது பிழை அல்ல. "கழித்தல் குறியை எடுத்துவிடு, இடப்பக்கம் ஒட்டிப் போடு" என்று அர்த்தம் என்று சி தரநிலை சொல்கிறது. ஆக, என் நிரல் பூ பெயரை எழுதி, அதன் பின்னால் 58 கோடியே 99 லட்சம் எழுத்து வரும் வரை வெற்றிடம் நிரப்பக் கிளம்பிவிட்டது. ஒரு வரிக்கு அரை ஜிபிக்கு மேல் நினைவகம். கடையின் பழைய கணினி மூச்சு விடாமல் நின்றது அதனால்தான்.

அன்று நடந்ததை நல்ல காலம் என்றே சொல்வேன். கணினி நின்றதால் தவறு தெரிந்தது. அந்தக் கட்டத்தில் 4,29,49,67,306 என்ற எண் விழுந்திருந்தால்? 32 பிட்டில் அது அப்படியே 10 ஆகிவிடும். பில் ஓடியிருக்கும், கட்டம் மட்டும் லேசாகக் கோணலாக வந்திருக்கும், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஓவர்ஃப்ளோ வகைப் பக்குகளில் (நிரல் பிழைகளில்) மோசமானது எது என்று என்னைக் கேட்டால், நிரலை விழ வைப்பதைச் சொல்ல மாட்டேன். நியாயமாகத் தெரியும் ஒரு சின்ன எண்ணைக் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறதே, அதைத்தான் சொல்வேன்.

கூட்டும்போது வழிவது

மேலே நடந்தது குறுக்கல். பெரிய பெட்டியிலிருந்து சின்னப் பெட்டிக்கு மாற்றும்போது மேல்பிட்டுகள் உதிர்ந்துபோவது. ஓவர்ஃப்ளோ என்பது அதன் கூடப்பிறப்பு. அடங்கும் எண்களைக் கூட்டி அடங்காத விடை வருவது.

ஒரு பில் வரியில் நான்கு கட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கின் அகலத்தையும் கூட்டி, அத்தனை பைட் நினைவகம் கேட்டு, பிறகு வரியை அதில் எழுதுகிறோம். யாரோ ஒருவர் வேண்டுமென்றே ஒவ்வொரு அகலத்தையும் 1,07,37,41,824 என்று கொடுக்கிறார். இது இரண்டின் 30-ஆவது அடுக்கு. ஒவ்வொன்றும் தனியாக எல்லைக்குள் இருக்கிறது, எந்தக் கேள்வியும் எழாது. நான்கையும் கூட்டினால் சரியாக 4,29,49,67,296. 32 பிட்டில் அது பூஜ்யம். முடிவுக் குறிக்காக ஒன்று சேர்த்து நிரல் ஒரே ஒரு பைட் நினைவகம் வாங்கும். பிறகு அதில் 400 கோடிக்கும் மேற்பட்ட எழுத்தை எழுதத் தொடங்கும். பக்கத்திலிருக்கும் நினைவகமெல்லாம் அழியும். வெளியிலிருந்து வரும் ஒருவர் அந்த எழுத்துகளைத் தேர்ந்தெடுக்க முடிந்தால், நிரலையே தன் வசமாக்கும் வழி திறந்துவிடும்.

இது கற்பனை அல்ல. 2005-இல் பெர்ல் மொழியின் ஃபார்மட் பங்ஷனிலேயே இப்படி ஒரு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. ஃபார்மட் குறிக்குள் பெரிய எண்களைக் கொடுத்தால் உள்ளே எண் சுற்றிக்கொண்டு நினைவகத்தை அழித்தது. 2008-இல் பைத்தான் 2.5.2 வரையிலான பதிப்புகளில், ஃபார்மட் வேலைக்கான உள் பங்ஷனில் இதே வகைப் பிழைகள் பதிவாயின. 2012-இல் லினக்ஸின் அடித்தளமான ஜிலிப்சி நூலகத்தின் விஎஃப்பிரிண்ட்எஃப் பங்ஷனில், மிக அதிகமான வாதங்களை (ஆர்கியுமென்ட்களை) கொடுத்து அளவுக் கணக்கை வழியவிட்டு, பாதுகாப்புச் சோதனையைத் தாண்டிப் போகும் பிழை பதிவானது. 2024 ஜனவரியில் அதே நூலகத்தில், பதிவுக் குறிப்பு எழுதும் சிஸ்லாக் பங்ஷனுக்கு மிக நீளமான செய்தியைக் கொடுத்தால் பஃபர் (எழுதுவதற்காக ஒதுக்கும் நினைவக இடம்) அளவு தப்பாகிவிடும் பிழை வெளிவந்தது. உலகத்தின் சர்வர்களில் பெரும்பகுதி நம்பியிருக்கும் நூலகம் அது. கை தேர்ந்தவர்கள் எழுதி, பலர் வாசித்த நிரல்களிலேயே இது தங்குகிறது என்றால், கண்ணால் வாசிப்பது மட்டும் போதாது. சோதித்தே ஆக வேண்டும்.

வைகை அணையில் கற்றுக்கொள்ள வேண்டியது

சோதனைக்குப் போகும் முன், காவல் எப்படி வைப்பது என்று பார்க்கலாம். எதைச் சோதிக்கிறோம் என்பது அப்போதுதான் பிடிபடும்.

புதிதாக எழுதுகிறவர்கள் இயல்பாக எழுதும் காவல் இப்படி இருக்கும்: "இரண்டு அகலத்தையும் கூட்டு. விடை முதல் எண்ணைவிடச் சிறியதாக இருந்தால் வழிந்துவிட்டது என்று அர்த்தம், பிழை சொல்லி வெளியேறு." படிக்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சி மொழியில் குறியுள்ள எண் (குறை எண்ணையும் தாங்கும் இன்ட் போன்ற வகை) வழிந்தால் என்ன நடக்கும் என்பதற்குத் தரநிலை எந்த உறுதியும் தருவதில்லை. வழியவே வழியாது என்று வைத்துக்கொண்டு வேலை செய்யக் கம்பைலருக்கு உரிமை உண்டு. அது இப்படி யோசிக்கிறது: பூஜ்யத்துக்குக் குறையாத ஒன்றைக் கூட்டினால் விடை சிறியதாக வாய்ப்பில்லை, ஆகவே இந்தக் கேள்வி எப்போதும் பொய், நீக்கிவிடலாம். நீக்கியும்விடும். வேகப்படுத்தாமல் (ஆப்டிமைஸ் செய்யாமல்) கட்டிய நிரலில் காவல் இருக்கும், வேகப்படுத்திக் கட்டிய நிரலில் இருக்காது. என் மேசையில் தேறிய சோதனை கடையில் தோற்பதற்கு இது ஒன்றே போதும்.

வைகை அணையின் முழு நீர்மட்டம் 71 அடி. தண்ணீர் 71 அடியைத் தாண்டி வழிந்த பிறகா எச்சரிக்கை கொடுக்கிறார்கள்? 66 அடியில் முதல் எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. இன்னும் எவ்வளவு இடம் மீதி, வருகிற தண்ணீர் அதில் கொள்ளுமா என்று முன்கூட்டியே பார்ப்பதால்தான் கரையோர ஊர்களுக்குச் செய்தி போகிறது. நிரலிலும் அதேதான். கூட்டிவிட்டுக் கேட்கக் கூடாது. அதிகபட்ச எண்ணிலிருந்து இதுவரை சேர்ந்ததைக் கழித்து, மீதி இடம் எவ்வளவு என்று பார். வரப்போகும் அகலம் அதைவிடப் பெரியதா? பெரியதென்றால் கூட்டவே கூட்டாதே, பிழை சொல்லி வெளியேறு. இரண்டு எண்ணும் பூஜ்யத்துக்குக் குறையாதவை என்றால் இந்தக் கழித்தல் ஒருபோதும் வழியாது. கம்பைலராலும் இதை நீக்க முடியாது.

ஜிசிசி கம்பைலரின் 5-ஆம் பதிப்பிலிருந்தும் கிளாங் கம்பைலரிலும், கூட்டிக்கொண்டே வழிந்ததா என்று உண்மையைச் சொல்லும் உள்ளமைந்த பங்ஷன்கள் உண்டு. சி23 தரநிலை அதைப் பொதுவாகவே சேர்த்துவிட்டது. புதிதாக எழுதுகிறீர்கள் என்றால் தயங்காமல் அதையே பயன்படுத்துங்கள்.

சரி, சோதனைக்கு வருவோம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை மகனுக்கு இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவன் கேட்டான்: "மாமா, 214 கோடி எழுத்து வந்தாத்தானே வழியும்? அதைச் சோதிக்க ரெண்டு ஜிபி சரம் வேணுமே, என் லேப்டாப் தாங்குமா?"

நல்ல கேள்வி. ஃபார்மட் பங்ஷன்களைச் சோதிப்பதில் உள்ள வசதியே இதுதான்: அவ்வளவு பெரிய சரம் பெரும்பாலும் தேவைப்படாது. அகலத்தை எண்ணாக எழுதினாலே போதும். சதவீதக் குறி, 2147483647, பின்னால் டி. மொத்தம் பன்னிரண்டு எழுத்து. ஆனால் அது கேட்கும் வரியின் நீளம் இன்டின் உச்ச எல்லை. இதை எஸ்என்பிரிண்ட்எஃப்புக்குக் கொடுத்து, பஃபர் இடத்தில் வெற்றுச் சுட்டியும் அளவு இடத்தில் பூஜ்யமும் கொடுத்தால், அது எங்கேயும் எழுதாமல் நீளத்தை மட்டும் எண்ணிச் சொல்லும். நினைவகச் செலவு இல்லை. சில நூலகங்கள் வெற்றிடத்தை ஒவ்வொன்றாக எண்ணுவதால் சில நொடிகள் பிடிக்கலாம், அவ்வளவுதான்.

இப்போது அதே குறிக்குப் பின்னால் ஓர் எழுத்தை மட்டும் சேர்த்துக் கொடுங்கள். மொத்த நீளம் எல்லையை ஒன்றால் தாண்டுகிறது. என்ன வர வேண்டும்? இன்டில் சொல்ல முடியாத நீளம் என்றால் குறை எண்ணைத் திருப்பி, பிழைக் குறியீடாக ஈஓவர்ஃப்ளோ வைக்க வேண்டும் என்று யூனிக்ஸ் வகை அமைப்புகளுக்கான போசிக்ஸ் தரநிலை சொல்கிறது. உங்கள் சோதனை கேட்க வேண்டியதும் அதையே. முதல் சோதனையில் சரியான நீளம் வரலாம், அல்லது நூலகம் எல்லைக்குச் சற்று முன்பே மறுத்துப் பிழை சொல்லலாம். இரண்டையும் நான் ஏற்றுக்கொள்வேன். ஏற்கக் கூடாதது மூன்றாவது: ஏதோ ஒரு பொருந்தாத நேர் எண். 0, 1, 10 மாதிரி வந்தால் உள்ளே எண் சுற்றிக்கொண்டது என்று அர்த்தம்.

எந்த எண்களைக் கொடுப்பது? குத்துமதிப்பாக ஆயிரம் எண்ணைப் போட்டுப் பார்ப்பதைவிட, வரப்பு மேல் நிற்கும் சில எண்களைப் போடுவது மேல். 2147483646, 2147483647, 2147483648 மூன்றும் இன்டின் எல்லையில் நிற்பவை. 4294967295, 4294967296 இரண்டும் குறியில்லாத 32 பிட்டின் எல்லை. 4294967306-ஐ மறக்கவே கூடாது, 10 ஆக மாறி நல்ல பிள்ளையாக வரும் எண் அது. 64 பிட்டில் அதன் இணை 18446744073709551626, அங்கேயும் அது 10 ஆகும். இவற்றை அகலமாகவும் துல்லியமாகவும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். பல நூலகங்களில் அகலத்தை வாசிக்கும் நிரல் பகுதி வேறு, துல்லியத்தை வாசிக்கும் பகுதி வேறு. ஒன்றில் காவல் இருந்து மற்றொன்றில் இல்லாமல் போவது சகஜம். இலக்கங்களை வாசிக்கும்போது "இதுவரை வந்ததைப் பத்தால் பெருக்கி அடுத்த இலக்கத்தைக் கூட்டு" என்று ஒரு சுற்று ஓடுமே, அந்தப் பெருக்கலிலேயே வழியலாம் என்பதையும் கவனியுங்கள்.

நட்சத்திரம் வழியாகக் கொடுக்கும்போது -2147483648 தனிக் கவனத்துக்குரியது. குறை அகலம் என்றால் குறியை எடுத்துவிட வேண்டும் என்று பார்த்தோம். இன்டில் குறைப் பக்கம் ஓர் எண் அதிகம். -2147483648-க்கு இணையான நேர் எண் இன்டில் கிடையாது. குறியை மாற்றுகிற அந்த ஒற்றைச் செயலே வழிந்துவிடும். ஃபார்மட் பங்ஷனைச் சொந்தமாக எழுதும் யாருடைய நிரலைப் பார்த்தாலும் நான் முதலில் போட்டுப் பார்க்கும் எண் இதுதான்.

தசம எண்களுக்கு இன்னொரு கணக்கு. 64 பிட் தசம எண்ணில் மிகப் பெரியதை முழுதாக எழுதினால் புள்ளிக்கு முன்னால் மட்டும் 309 இலக்கம் வரும். ஆகவே சில நிரல்கள் துல்லியத்தோடு முந்நூற்றுச் சொச்சத்தைக் கூட்டி பஃபர் வாங்கும். துல்லியமாக 2147483647-ஐக் கொடுத்தால் அந்தக் கூட்டல் வழியும். 2147483300-லிருந்து மேலே ஒரு சில எண்களையும் சோதனையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நீளத்தை மட்டும் கேட்டால் போதாது, எழுதுகிறதையும் பார்க்க வேண்டும். பத்து பைட் பஃபர் ஒன்றை எடுத்து, அதைத் தொடர்ந்து பதினாறு பைட்டுக்கு ஒரே அடையாள எழுத்தை நிரப்பி வையுங்கள். அளவு 10 என்று சொல்லிப் பெரிய அகலத்தோடு எழுதச் சொல்லுங்கள். முடிந்ததும் அந்தப் பதினாறும் அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். வயலைச் சுற்றி வரப்பு போட்டு, தண்ணீர் பக்கத்து வயலுக்குப் போனதா என்று பார்ப்பது போல.

உண்மையிலேயே நீளமான சரம் வேண்டிய சோதனைகளும் உண்டு. அதற்கும் ஒரு சிக்கனம் இருக்கிறது: 75 கோடி பைட் சரம் ஒன்றை மட்டும் உருவாக்கி, அதே சுட்டியை மூன்று முறை கொடுங்கள். மூன்று எஸ் குறி, மூன்றும் ஒரே சரம். மொத்த நீளம் 225 கோடி, எல்லையைத் தாண்டிவிடும். நினைவகம் முக்கால் ஜிபிதான்.

நாம் அன்றாடம் மாட்டிக்கொள்ளும் இடம்

மேலே சொன்னவை நூலகம் எழுதுகிறவர்களுக்கு முக்கியம். பயன்படுத்தும் நமக்கு அடி விழும் இடம் வேறு, அதற்குக் கோடிக்கணக்கில் எண் வேண்டாம். 49 போதும்.

எஸ்என்பிரிண்ட்எஃப் எத்தனை பைட் எழுதியது என்பதைச் சொல்வதில்லை. இடம் இருந்திருந்தால் எத்தனை எழுதியிருக்கும் என்பதைச் சொல்கிறது. இந்த ஒரு வித்தியாசத்தைத் தவறவிடுகிறவர்கள் ஏராளம். வரியைத் துண்டு துண்டாகச் சேர்க்கும்போது நாம் செய்வது என்ன? திரும்பி வந்த எண்ணை நிலையோடு (அடுத்து எங்கே எழுத வேண்டும் என்ற எண்ணோடு) கூட்டுகிறோம். அடுத்த துண்டுக்கு, பஃபரின் அளவிலிருந்து நிலையைக் கழித்து மீதி இடமாகக் கொடுக்கிறோம்.

பஃபர் 32 பைட். அதில் "மதுரை மல்லி" என்று எழுதுகிறோம். எழுத்துகளைப் பைட்டாக மாற்றும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட். 'து' நம் கண்ணுக்கு ஓர் எழுத்து, உள்ளே த தனி, உகரக் குறி தனி, ஆக ஆறு பைட். மதுரை 15, நடுவில் வெற்றிடம் 1, மல்லி 15. மொத்தம் 31. முடிவுக் குறியோடு 32. அச்சு அசலாகப் பொருந்துகிறது. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற பூ நம் பஃபருக்குள் அழகாக உட்கார்ந்துவிட்டது, சோதனை தேறிவிட்டது என்று நிம்மதியாகப் போய்விடுவோம்.

அடுத்த நாள் "நிலக்கோட்டை மல்லி" வருகிறது. நிலக்கோட்டை 33, வெற்றிடம் 1, மல்லி 15. மொத்தம் 49. பங்ஷன் ஒழுங்காக 31 பைட்டோடு நிறுத்திக்கொள்ளும், ஆனால் 49 என்று திருப்பிச் சொல்லும். நிலை 49 ஆகிறது. மீதி இடம் 32-லிருந்து 49 போக -17 என்று நாம் நினைப்போம். அளவின் வகையோ குறியில்லாதது, குறை எண்ணே அதில் கிடையாது. 64 பிட்டில் அது 18446744073709551599 ஆகிவிடும். அடுத்த துண்டை எழுதும்போது, பஃபருக்கு வெளியே 17 பைட் தள்ளி நின்றுகொண்டு, "எனக்கு இருபது இலக்க எண்ணிக்கையில் இடம் இருக்கிறது" என்று நம்பி எழுதும். ஆங்கிலப் பெயர்களை வைத்தே சோதிக்கிறவர்கள் இதைக் காணவே மாட்டார்கள். தமிழ்ப் பெயர்களை வைத்துச் சோதியுங்கள் என்று நான் மாணவர்களிடம் விடாமல் சொல்வது மொழிப்பற்றால் மட்டும் அல்ல, பைட் கணக்கு மூன்று மடங்காகி எல்லைகள் சீக்கிரம் வந்துவிடுவதாலும்தான்.

இதற்கான சோதனை எளிது. பஃபர் அளவை 1-லிருந்து 100 வரை ஒவ்வொன்றாக மாற்றி, அதே வரியை எழுத வையுங்கள். ஒவ்வொரு முறையும் வரப்பு எழுத்துகள் அழியாமல் இருக்க வேண்டும். காவலும் எளிது: திரும்பி வந்த எண் குறை எண்ணா என்று முதலில் பார், பிறகு அது மீதி இடத்துக்குச் சமமா, அதைவிடப் பெரியதா என்று பார். ஆம் என்றால் அங்கேயே நிறுத்து. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் இதற்காகவே, உண்மையில் எழுதிய அளவை மட்டும் திருப்பும் எஸ்சிஎன்பிரிண்ட்எஃப் என்று தனிப் பங்ஷன் வைத்திருக்கிறார்கள். அளவு இன்டின் எல்லைக்கு மேல் வந்தால் கெர்னலின் ஃபார்மட் பங்ஷன் எச்சரிக்கை எழுதிவிட்டு எதையும் எழுத மறுத்துவிடும். இப்படிக் குறை எண் சுற்றி வந்ததைப் பிடிப்பதற்கு அது நல்ல ஏற்பாடு.

கண்ணுக்குத் தெரியாததைக் காட்டும் கருவிகள்

வழிந்தும் விடை தற்செயலாகச் சரியாக வருகிற நேரங்கள் உண்டு. அதைச் சோதனையால் மட்டும் பிடிக்க முடியாது. ஜிசிசி, கிளாங் இரண்டிலும் சானிடைசர் என்ற வசதி இருக்கிறது. அன்டிஃபைன்ட் பிஹேவியர் சானிடைசரைப் போட்டுக் கட்டினால், குறியுள்ள எண் வழிந்த அந்த வரியையே கோப்புப் பெயரோடு காட்டும். அட்ரஸ் சானிடைசர் பஃபரைத் தாண்டி எழுதியதைக் காட்டும். இரண்டையும் சேர்த்தே ஓட்டலாம்.

ஒன்றை மட்டும் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். குறியில்லாத எண் சுற்றிக்கொள்வது சி மொழியில் விதிப்படி சரி. அதனால் முதல் கருவி அதைப் பற்றி வாய் திறக்காது. பெரிய பெட்டியிலிருந்து சின்னப் பெட்டிக்குக் குறுக்குவதையும் அது தானாகச் சொல்லாது. என் ஃபோன் நம்பர் பக்கும், நிலக்கோட்டை மல்லியின் -17-உம் இரண்டுமே இந்த ரகம். கிளாங்கில் இவற்றுக்குத் தனித் தேர்வுகள் உண்டு, அவற்றைக் கேட்டு வாங்கிச் சேர்க்க வேண்டும்.

32 பிட்டுக்காகவும் ஒரு முறை கட்டி ஓட்டுங்கள். அங்கே நினைவக அளவின் வகையும் 32 பிட்தான். 64 பிட்டில் "இவ்வளவு நினைவகம் இல்லை" என்று நாகரிகமாக மறுக்கப்பட்ட கோரிக்கை, அங்கே ஒரு பைட் கோரிக்கையாகச் சுருங்கி நிறைவேறிவிடலாம்.

ஃபஸ்ஸிங் பற்றியும் கேட்டிருப்பீர்கள். ஏஎஃப்எல், லிப்ஃபஸ்ஸர் போன்ற கருவிகள் கோடிக்கணக்கான விதவிதமான உள்ளீடுகளைத் தாமே உருவாக்கி நிரலை அடித்துப் பார்க்கும். நல்ல கருவிதான். ஆனால் சும்மா குலுக்கிப் போட்டால் 2147483647 என்ற பத்து இலக்கம் வரிசையாக விழுவது மிக அரிது. மேலே சொன்ன வரப்பு எண்களை ஓர் அகராதிக் கோப்பில் போட்டு அதன் கையில் கொடுங்கள். நினைவகத்துக்கும் நேரத்துக்கும் வரம்பு வையுங்கள், இல்லாவிட்டால் ஒரே ஒரு பெரிய அகலம் முழு இரவையும் தின்றுவிடும்.

சோதனையையும் ஒரு முறை சோதிக்க வேண்டும். எல்லாம் பச்சையாக (தேறியதாக) வந்ததும், நிரலில் உள்ள காவல் வரியை வேண்டுமென்றே நீக்கிவிட்டு மறுபடி ஓட்டுவேன். அப்போதும் பச்சையாகவே வந்தால் அந்தச் சோதனை இதுவரை எதையும் காக்கவில்லை. வேகப்படுத்திய கட்டமைப்பிலும் இதைச் செய்யுங்கள், கம்பைலர் காவலை நீக்கும் இடம் அதுதான்.

பூக்கடை நிரலில் பெயர் அகலக் கட்டம் இப்போது 1 முதல் 80 வரை மட்டும் வாங்கும். கடையின் பிரிண்டரில் ஒரு வரிக்கு 80 எழுத்துதான். எண்ணை 64 பிட்டில் வாசித்து, குறுக்கும் முன்பே அந்த வரம்பைப் பார்க்கிறது. சோதனைத் தொகுப்பின் முதல் வரியில் 8000000000, அடுத்த வரியில் 4294967306, மூன்றாவதில் நிலக்கோட்டை மல்லி. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் இந்த மூன்றும் ஓடி முடிந்த பிறகுதான் புதிய பதிப்பு மாட்டுத்தாவணிக்குப் போகிறது.